உங்கள் வீட்டு கேட்டும் ஒரு சாலைச் சந்திப்புதான்: கடலூர், புதுச்சேரியில் வீடும் கடையும் கட்டுகிறவர்களுக்கு

கடலூரில் வீட்டு பிளான் போட்டுக் கொடுக்கும் வேலையை இருபது வருடத்துக்கு மேலாகச் செய்து வருகிறேன். வருகிறவர்கள் முதலில் கேட்பது வாஸ்து. தலைவாசல் எந்தத் திசை, சமையலறை அக்கினி மூலையில் வருமா, போர் எங்கே போடலாம். கேட் பற்றிப் பேச்சு வந்தாலும் அதே கேள்விதான்: வடக்கிலா, கிழக்கிலா? அந்த கேட் வழியாக வண்டி வெளியே வரும்போது ஓட்டுகிறவருக்கு இரண்டு பக்கமும் எவ்வளவு தூரம் சாலை தெரியும் என்று கேட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

நானும் அதைக் கேட்காமல் இருந்தவன்தான். கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம், பண்ருட்டி போகிற சாலையில், வளைவின் உட்பக்கமாக ஒரு மனை. வீட்டுக்காரர் ஏழடி காம்பவுண்டு சுவர் கேட்டார், போட்டுக் கொடுத்தேன். வீடு குடிபோன அடுத்த கரும்புப் பருவத்தில், அவர் மகன் கேட்டைத் தாண்டி பைக்கின் முன்சக்கரத்தைச் சாலையில் வைத்தான். கரும்பு ஏற்றிய டிராக்டர் வந்துகொண்டிருந்தது அவனுக்கும் தெரியவில்லை, டிராக்டர்காரருக்கும் அவன் தெரியவில்லை. தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது, பிழைத்துக்கொண்டான். அந்த பிளானில் கேட் வரும் இடத்தைப் பென்சிலால் குறித்தது என் கை. அதற்குப் பிறகு, எந்த மனைக்குப் போனாலும் முதலில் சாலையில் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே காலை வைக்கிறேன். அப்படிப் பார்த்துக் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு

சாலை சந்திப்பு என்றால் சிக்னல், போலீஸ், நாலு பக்கமும் வண்டி என்றுதான் நினைக்கிறோம். வண்டிகளின் பாதைகள் ஒன்றையொன்று தொடுகிற எந்த இடமும் சந்திப்புதான். டிவைடர் இல்லாத ஒரு சாலையில் ஒரே ஒரு கேட் வைத்தால் அங்கே 9 மோதல் புள்ளிகள் உண்டாகின்றன: வண்டிகள் பிரிகிற இடம் 3, சேர்கிற இடம் 3, குறுக்கே வெட்டுகிற இடம் 3. நான்கு சாலைகள் கூடும் இடத்தில் இது 32. உயிரை எடுப்பவை பெரும்பாலும் அந்தக் குறுக்கே வெட்டுகிற புள்ளிகள்தான், ஏனென்றால் அங்கே வண்டி பக்கவாட்டில் அடிபடுகிறது.

இதே கேட்டில் இடது பக்கம் திரும்பி உள்ளே வரவும், இடது பக்கம் திரும்பி வெளியே போகவும் மட்டும் வழி இருந்தால் அந்த 9 புள்ளிகள் 2 ஆகிவிடும், ஒன்று பிரிவது, ஒன்று சேர்வது. குறுக்கே வெட்டுவது ஒன்றுகூட இல்லை. சாலையில் வாசல் திறப்பதை ஒழுங்குபடுத்துவது என்ற துறை முழுக்க இந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கிறது.

அமெரிக்காவில் இதைப் பல ஆண்டுகள் அளந்து பார்த்திருக்கிறார்கள். முக்கியச் சாலைகளில் ஒரு மைலுக்கு 10 வாசல் இருந்த இடத்தில் 20 வாசல் ஆனபோது விபத்து விகிதம் 30 முதல் 40 விழுக்காடு வரை கூடியது. வாசல்களை ஒட்டி நடக்கும் விபத்துகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று, இடப்புறம் திரும்புகிற வண்டிகளால் நடப்பவை. அவர்கள் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறவர்கள், ஆகவே அவர்களுடைய இடத் திருப்பம் நமக்கு வலத் திருப்பம். அவர்கள் எண்ணிக்கையை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது. நம் சாலையில் சைக்கிள், மாட்டு வண்டி, எதிர்த்திசையில் வரும் மொபெட் என்று எல்லாமும் கலந்து வரும். ஆனால் காரணம் ஒன்றுதான்.

படி 1: மனையைப் பார்க்கும் முன் சாலையைப் பாருங்கள்

காலை எட்டரை மணிக்கு, பள்ளி நேரத்தில் ஒரு தடவை போங்கள். இருட்டிய பிறகு இன்னொரு தடவை. போர்டில் என்ன வேகம் எழுதியிருக்கிறது என்பது முக்கியம் இல்லை, வண்டிகள் உண்மையில் என்ன வேகத்தில் போகின்றன என்பதுதான் வேண்டும். அதை அளக்க எளிய வழி இருக்கிறது. டேப் வைத்து 50 மீட்டர் அளந்து இரண்டு பக்கமும் சாக்பீஸால் கோடு போடுங்கள். செல்போனில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. ஒரு வண்டி 50 மீட்டரை 4.5 வினாடியில் கடந்தால் அது மணிக்கு 40 கிலோமீட்டர். 3 வினாடி என்றால் 60. இருபது முப்பது வண்டிகளைப் பார்த்துவிட்டு, அதில் வேகமாகப் போனவற்றைக் கணக்கில் எடுங்கள். உங்களை மோதப்போவது அந்த வேகம்தான்.

அப்புறம், அந்தச் சாலை யாருடையது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புதுச்சேரியிலிருந்து அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், ரெட்டிச்சாவடி வழியாகக் கடலூர் வரும் சாலை தேசிய நெடுஞ்சாலை. இப்போது 32 என்று எண், பழைய ஆட்கள் இன்னும் 45ஏ என்பார்கள். நெல்லிக்குப்பம், பண்ருட்டி வழியாகச் சித்தூர் வரை போவது மாநில நெடுஞ்சாலை 9. மஞ்சக்குப்பத்திலோ லாஸ்பேட்டையிலோ ஒரு குறுக்குத் தெரு என்றால் அது மாநகராட்சி அல்லது நகராட்சித் தெரு. வாசல் திறக்க யாரிடம் அனுமதி கேட்பது என்பது இதைப் பொறுத்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

படி 2: கேட் எந்த இடத்தில்

இரண்டு தெரு பார்த்த மனை என்றால், வண்டி கேட் சின்னத் தெருவில்தான் இருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. கிழக்கு வாசல்தான் வேண்டும் என்று சொல்கிறவர்களிடம், தலைவாசலும் ஆள் வரும் சின்ன கேட்டும் கிழக்கே இருக்கட்டும், வண்டி கேட்டை வடக்குத் தெருவில் வைப்போம் என்று சொல்வேன். வாஸ்து பார்க்கிறவர்களிடம் நானே நேரில் பேசியிருக்கிறேன், பெரும்பாலோர் ஒத்துக்கொள்கிறார்கள்.

மூலை மனையில் கேட்டைத் தெருமுனையிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். வீட்டுத் தெருவில்கூடக் குறைந்தது 10 மீட்டர், அதாவது இரண்டு கார் நீளம். மெயின் ரோட்டில் சேரக் காத்து நிற்கும் கார் உங்கள் கேட்டை அடைத்துக்கொள்ளக் கூடாது. மெயின் ரோட்டிலிருந்து வேகமாகத் திரும்புகிறவர், திரும்பின உடனேயே உங்கள் வண்டியின் பின்புறத்தைச் சந்திக்கவும் கூடாது.

வளைவில் உட்பக்கம் மோசம், வெளிப்பக்கம் பரவாயில்லை. பாலத்து ஏற்றத்தை ஒட்டிய மனைகளிலும் கவனம் வேண்டும். கெடிலம் பாலமோ தென்பெண்ணை பாலமோ, மேட்டைத் தாண்டி வருகிற வண்டி கடைசி நொடியில்தான் கண்ணில் படும். பேருந்து நிறுத்தத்துக்கு அடுத்த மனை என்றால், நின்றிருக்கும் பஸ் ஒரு பெரிய சுவர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: நாற்காலி சோதனை

இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒன்றே ஒன்றைத்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

வீட்டில் இருக்கும் சாதாரண பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, டேப், ஒரு காலிக் குடம், துணைக்கு ஓர் ஆள். தார் ரோட்டின் விளிம்பிலிருந்து உங்கள் மனைப் பக்கமாக 2.4 மீட்டர், அதாவது 8 அடி அளந்து, கேட் வரப்போகும் இடத்துக்கு நேராக நாற்காலியைப் போடுங்கள். உட்காருங்கள். பெரியவர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் தன் கணக்குகளில் கார் ஓட்டுநரின் கண்ணுக்கு வைத்திருக்கும் உயரமும் அதுதான். 8 அடி எதற்கு என்றால், கார் மூக்குக்கும் ஓட்டுகிறவர் கண்ணுக்கும் இடையே ஏறக்குறைய 2 மீட்டர் இருக்கிறது. காரின் மூக்கு சாலையில் நீளாமலேயே உங்களுக்கு என்ன தெரிகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது துணை ஆள் குடத்தை எடுத்துக்கொண்டு சாலை ஓரமாக நடந்து, அந்த வேகத்துக்கு உரிய தூரத்தில் வைக்கட்டும். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் சொல்லும் நிறுத்தும் தூரங்கள் இவை: மணிக்கு 30 கிலோமீட்டருக்கு 30 மீட்டர், 40-க்கு 45, 50-க்கு 60, 60-க்கு 80, 80-க்கு 120, 100-க்கு 180. வேகம் இரண்டு மடங்கு ஆனால் தூரம் இரண்டரை, மூன்று மடங்கு ஆவதைக் கவனியுங்கள். 60-ல் வருகிறவர் ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கால் வைப்பதற்கே இரண்டரை வினாடி போகிறது. அதற்குள் வண்டி 42 மீட்டர் ஓடிவிடும். மிச்சம் 38 மீட்டரில்தான் பிரேக் வேலை செய்கிறது. நல்ல தார், நல்ல டயர் என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. டயர் தேய்ந்திருந்தால், தார் வழுக்கினால் இந்தத் தூரம் போதாமல் போகலாம்.

உட்கார்ந்த இடத்திலிருந்து குடம் முழுசாகத் தெரிகிறதா? வலது பக்கம் பாருங்கள், முதலில் உங்களை அடையும் வண்டி அங்கிருந்துதான் வரும். பிறகு இடது பக்கம். தெரியவில்லை என்றால் எது மறைக்கிறது என்று பாருங்கள். என் அனுபவத்தில் மறைக்கிறவை இவை: பக்கத்து வீட்டுச் சுவர், டிரான்ஸ்ஃபார்மர், காகிதப்பூ புதர், தள்ளுவண்டி, பேனர். இவற்றில் பாதி, கேட்டை ஐந்தடி தள்ளி வைத்தாலே விலகிவிடும்.

உங்கள் சொந்தச் சுவர்தான் மறைக்கிறது என்றால் தீர்வு எளிது. கேட்டின் இரண்டு பக்கமும் கடைசி 8 அடிக்கு, சுவரை இரண்டடி உயரத்தோடு நிறுத்திவிட்டு மேலே கிரில் வையுங்கள். கிரில்லுக்குப் பின்னால் தகரமோ பச்சை நெட்டோ கட்டிவிடாதீர்கள். இரண்டடி என்று சொல்வது கார்களுக்காக இல்லை, சின்ன சைக்கிளில் வரும் பிள்ளைக்காக.

புதுச்சேரியின் பழைய நகரத்தில் இதெல்லாம் நடக்காது. வெள்ளை நகரத்திலும் சரி, தமிழர் பகுதியிலும் சரி, வீட்டு முகப்பே தெருவின் விளிம்பு. நாற்காலி போட இடமே இல்லை. அங்கே வண்டி வெளியே எடுக்கும்போது ஓர் ஆள் இறங்கி நின்று வழி சொல்வதுதான் பாதுகாப்பு. ஒருவழித் தெரு என்று ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு வண்டியை நகர்த்துகிற பழக்கம் வேண்டாம். எதிர்த்திசையில் சைக்கிள் வராத ஒருவழித் தெருவை நான் இன்னும் பார்க்கவில்லை.

படி 4: கேட்டை உள்ளே தள்ளுங்கள்

மாலையில் வீடு திரும்புகிறீர்கள். கேட் பூட்டியிருக்கிறது. வண்டியை எங்கே நிறுத்திவிட்டு இறங்குவீர்கள்? சாலையில்தானே. பின்னால் வருகிறவர் அதை எதிர்பார்க்கவில்லை. மெயின் ரோட்டு மனை என்றால் கேட்டைத் தார் விளிம்பிலிருந்து 5 மீட்டராவது உள்ளே வைத்தால் ஒரு கார் முழுசாகச் சாலையை விட்டு விலகி நிற்கும். கொஞ்சம் இடம் போகும், உண்மைதான். அந்த இடத்திலேயே விருந்தாளி வண்டி நிற்கும், குழந்தைகள் வேனுக்குக் காத்திருக்கவும் ஆகும்.

முப்பதுக்கு நாற்பது மனையில் 5 மீட்டர் விட முடியாது. அங்கே தள்ளுகிற ஸ்லைடிங் கேட் போடுங்கள், அல்லது உள்பக்கம் திறக்கும் கேட். தெருப் பக்கமாகத் திறக்கும் கேட்டை நான் எந்த பிளானிலும் போடுவதில்லை. திறந்த கேட்டின் கம்பி முனை, சைக்கிள் ஓட்டுகிறவரின் முகத்துக்கு நேராக நிற்கும்.

படி 5: ரேம்ப்

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். நம் ஊரில் நடக்கிற தப்பில் பாதி இங்கேதான்.

2011 டிசம்பர் தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் என்று தண்ணீரைப் பார்த்தவர்கள் நாம். வீட்டைத் தெருவிலிருந்து மூன்றடி, நான்கடி உயர்த்திக் கட்டுகிறோம். அதில் தப்பில்லை. தப்பு எங்கே வருகிறது என்றால், கார் நிறுத்தும் போர்ட்டிகோவையும் அதே உயரத்துக்கு ஏற்றிவிடுகிறோம். கார் ஏற 1-க்கு 8 சரிவு வேண்டும், அதாவது ஓரடி ஏற எட்டடி நீளம். மூன்றடி ஏற 24 அடி. மனைக்குள் அவ்வளவு இடம் ஏது? உடனே ரேம்ப் தெருவுக்கு நீண்டுவிடுகிறது. வாய்க்காலை மூடி, நடைபாதையை விழுங்கி, தாரின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிடுகிறது.

என் அம்மா திருப்பாதிரிப்புலியூர் கோயிலுக்குத் தினமும் நடந்து போகிறவர். ஒரு கார்த்திகை மாத மழை நாளில், வரிசையாக ஏழெட்டு வீட்டு ரேம்ப். ஒன்றில் வழுவழுப்பான டைல்ஸ் ஒட்டியிருந்தது. அதன் மேல் கால் வைக்கப் பயந்து ரோட்டில் இறங்கியிருக்கிறார். பின்னால் வந்த பைக்கின் கைப்பிடி அவர் பையில் மாட்டி இழுத்துவிட்டது. மணிக்கட்டு முறிவு. கட்டுப் போட்டு ஆறு வாரம். அதற்குப் பிறகு தனியாகப் போக அவருக்கு மனம் வரவில்லை. ரேம்ப் வைத்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் நல்லவர்கள், அம்மாவைப் பார்க்கப் பழம் வாங்கிக்கொண்டு வந்தவர்கள். தங்கள் ரேம்ப்தான் அவரை ரோட்டில் இறக்கியது என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

சரியாகச் செய்வது இப்படி. போர்ட்டிகோ தரையைச் சாலையிலிருந்து ஓரடிக்கு மேல் ஏற்றாதீர்கள். அங்கிருந்து வீட்டுக்குள் ஏறப் படி வையுங்கள். பெரியவர்களுக்காக, சக்கர நாற்காலிக்காக 1-க்கு 12 சரிவில் தனியாக ஒரு நடைச் சாய்தளம் வைத்தால் இன்னும் நல்லது. கார் ஏறும் சரிவு முழுக்க உங்கள் மனைக்குள் முடிய வேண்டும். கேட்டை ஒட்டிய கடைசி ஐந்தாறு அடியைச் சமதளமாக விடுங்கள். சரிவிலேயே கார் நின்றால் மூக்கு மேலே தூக்கியோ கீழே கவிழ்ந்தோ இருக்கும், ஓட்டுகிறவருக்குச் சாலை தெரியாது. செங்குத்தான ரேம்ப்பில் இன்னொரு ஆபத்து, ஏறுவதற்காக ஆக்சிலரேட்டரை அழுத்துகிறோம், ஏறினதும் வண்டி பாய்கிறது.

வீட்டுக்கு முன் நடைபாதை இருந்தால், நடைபாதை உங்கள் கேட்டுக்காக இறங்கி ஏறக் கூடாது. நடைபாதை அதே மட்டத்தில் தொடர வேண்டும், கார்தான் அதன் மேல் ஏறி இறங்க வேண்டும். இந்தியச் சாலைகள் காங்கிரஸின் பாதசாரி வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது. நடைபாதை 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும், 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் கூடாது என்றும் அதில் உண்டு. கார் ஏறும்போது வேகம் தானாகக் குறையும். நடக்கிறவரைப் பார்த்து நிற்பதும் எளிது.

வாய்க்கால் மேல் மண் கொட்டி நிரவிவிடாதீர்கள். கழற்றி எடுக்கக்கூடிய ஸ்லாப் போடுங்கள், இடையில் ஒரு இரும்புக் கிரில். தூர்வார ஆள் வரும்போது உங்கள் வீட்டு முன்னால் மட்டும் அடைப்பு இருந்தால், தெரு முழுக்கத் தண்ணீர் நிற்கும். தண்ணீர் நிற்கிற சாலையில் பள்ளம் தெரியாது. அதேபோல, கேட்டுக்கு முன்னால் முதல் ஐந்து மீட்டரைக் கான்கிரீட்டாகவோ பேவர் பிளாக்காகவோ போடுங்கள். ஜல்லியும் மணலும் டயரில் ஒட்டி தாரின் மேல் பரவினால், வளைவில் திரும்பும் இருசக்கர வண்டி சறுக்கும்.

படி 6: நேராக வெளியே வாருங்கள்

வண்டி உள்ளேயே திரும்ப இடம் இருந்தால் நல்லது. இல்லை என்றால் ரிவர்ஸில் உள்ளே போய், நேராக வெளியே வாருங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், அலுத்துப்போய் வரும்போது நேராக நுழைந்துவிட்டு, காலை அவசரத்தில் சாலைக்குள் ரிவர்ஸ் எடுக்கிறார்கள். உள்ளே ரிவர்ஸ் போகும்போது நீங்கள் சாலையைப் பார்த்தபடி வருகிறீர்கள், போய்ச் சேரும் இடமும் உங்கள் சொந்த முற்றம். அந்த முற்றத்தில் குழந்தைகள் இல்லை என்று பார்த்துக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது. வெளியே ரிவர்ஸ் வரும்போது யார் வருகிறார் என்பது உங்கள் கையில் இல்லை.

படி 7: கடை, மண்டபம், பெட்ரோல் பங்க், பள்ளி

கடலூர்–புதுச்சேரி சாலையில் ஒரு முகூர்த்த நாள் காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். மண்டப வாசலில் ஆர்ச், இரண்டு பக்கமும் குலையோடு கட்டிய வாழை மரம், ஆளுயரப் பேனர். நாற்காலி சோதனையில் எந்த இடம் திறந்திருக்க வேண்டும் என்று சொன்னேனோ, சரியாக அந்த இடத்தில். வாழை மரத்தைக் கட்டாதீர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அது மங்கலம். எட்டடி உள்ளே தள்ளிக் கட்டுங்கள், அவ்வளவுதான். மண்டபம் வைத்திருப்பவர்கள் இதை வாடகை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாக எழுதிவிடலாம். ஆர்ச் விளக்குகள் சாலையில் வருகிறவர் கண்ணில் அடிக்காமல் வாசல் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

வணிக இடத்துக்கு நுழைவு ஒன்று, வெளியேற்றம் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் வண்டி ஏற முடியாத மேட்டுத் திட்டு. மனை முகப்பு முழுக்கத் தாரோடு தார் சேர்த்துத் திறந்துவிட்டால், அறுபது அடிக்கு எங்கிருந்து வேண்டுமானாலும் வண்டி புகும், எங்கிருந்து வேண்டுமானாலும் வரும். சாலையில் போகிறவருக்கு எதை எதிர்பார்ப்பது என்றே தெரியாது. பெட்ரோல் பங்குகளுக்கு இந்தத் திட்டும் தனித்தனி வாசலும் இந்தியச் சாலைகள் காங்கிரஸின் 12-ஆம் எண் வழிகாட்டியிலேயே இருக்கின்றன. மூலையில் உள்ள பங்குகள் சிக்னலைத் தவிர்க்கும் குறுக்கு வழியாக மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அகலத்தில் கஞ்சத்தனமும் கூடாது, தாராளமும் கூடாது. வாசல் ரொம்பக் குறுகலாக இருந்தால் திரும்புகிற வண்டி சாலையிலேயே நின்று வளைக்கும். ரொம்ப அகலமாக இருந்தால் இரண்டு வண்டி ஒரே நேரத்தில் முட்டிக்கொள்ளும், நடந்து கடக்கிறவருக்கும் தூரம் கூடிவிடும்.

பண்ருட்டி பக்கம் பலாப்பழப் பருவத்தில் சாலையோரம் முழுக்கப் பழக்கடை. அழகான காட்சி, அந்த விவசாயிகளின் வருடச் சம்பாத்தியமும் அதில்தான். ஆனால் மணத்தை நுகர்ந்த கணத்தில் கார்கள் பிரேக் அடிக்கின்றன. பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து, சாலையிலிருந்து விலகிய ஒரே திடலில் கடை போட்டு, ஒரே நுழைவு வைத்து, நூறு மீட்டருக்கு முன்பே ஒரு போர்டு நட்டால், வாங்குகிறவர் நிதானமாக இறங்குவார். யாருக்கும் வியாபாரம் குறையாது. மூன்று கடைக்கு மூன்று வாசல் வைப்பதை விட, மூன்றுக்கும் சேர்த்து ஒரு வாசல், உள்ளே பொதுவான நிறுத்துமிடம் என்பது எங்கும் பொருந்தும். பக்கத்து மனைக்காரரோடு பேசி, இரண்டு எல்லையும் சேரும் இடத்தில் ஒரே கேட் வைக்கலாம். பத்திரத்தில் வழி உரிமையைத் தெளிவாக எழுதிவிடுங்கள், பின்னால் அண்ணன் தம்பிக்குள்கூடச் சண்டை வராது.

பள்ளி என்றால் வேன், ஆட்டோ, பெற்றோர் பைக் எல்லாம் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது காம்பவுண்டுக்கு உள்ளே நடக்க வேண்டும். பிள்ளைகள் நடந்து வரும் கேட் தனி, வண்டி கேட் தனி.

படி 8: டிவைடரில் இருக்கும் ஓட்டை

டிவைடர் வந்தால் வலத் திருப்பம் போய்விடும், மோதல் புள்ளிகள் குறையும். வியாபாரம் போச்சு என்று கடைக்காரர்கள் பயப்படுவது எனக்குப் புரிகிறது. ஒரு ராத்திரியில் நடுக்கல்லைப் பெயர்த்து பைக் போகும் அளவுக்கு ஓட்டை போட்டுவிடுகிறார்கள். அந்த ஓட்டையில் புகுந்து வரும் பைக்கை யாரும் எதிர்பார்ப்பதில்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்பி ஒரு தடத்தைக் கடந்து அடுத்ததில் சேர 6 வினாடி ஆகும் என்று வையுங்கள், 60-ல் வரும் பஸ் அதற்குள் 100 மீட்டர் ஓடிவிடும்.

இதில் அதிகாரிகள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். இடைவெளியை மூடிவிட்டு, அடுத்த யூ-டர்ன் இரண்டு கிலோமீட்டர் தள்ளி என்றால் ஜனங்கள் எதிர்த்திசையில்தான் வருவார்கள். அது இன்னும் மோசம். டிவைடரை மூடுகிற இடத்தில், திரும்பக் காத்திருக்கத் தனித் தடத்தோடு பாதுகாப்பான யூ-டர்ன் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நடந்து கடப்பவர்களுக்குத் தனி வழி வேண்டும். இது இல்லாமல் மூடுவது பாதி வேலை.

விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலையை ஒட்டி இப்போது மனை விற்பனை சூடாக நடக்கிறது. விளம்பரத்தில் நான்குவழிச் சாலை முகப்பு என்று போடுகிறார்கள். அந்தச் சாலையில் நேராக கேட் வைக்கலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. சர்வீஸ் ரோடு இருக்கிறதா, மனை அதைத் தொடுகிறதா, இடையில் எவ்வளவு நிலம் அரசுக்குச் சொந்தம் என்பதைப் புலப்படத்தில் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

படி 9: அனுமதி

தேசிய நெடுஞ்சாலையிலிருந்து வாசல் திறக்க, தேசிய நெடுஞ்சாலைகள் நிலம் மற்றும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2002-ன்படி நெடுஞ்சாலை நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். தமிழ்நாட்டின் மாநிலச் சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறை கோட்டப் பொறியாளர் அலுவலகம். கடலூர் நகரத் தெரு என்றால் மாநகராட்சி. புதுச்சேரியில் பொதுப்பணித் துறையும், கட்டட அனுமதிக்கு புதுச்சேரி திட்டக் குழுமமும். தமிழ்நாட்டில் கட்டட பிளான் 2019-ன் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி இருக்க வேண்டும். மூலை மனையில் முனையைச் சாய்வாக வெட்டி விடச் சொல்வது பார்வை மறையக் கூடாது என்பதற்காகத்தான், இடத்தைப் பிடுங்க இல்லை.

கேட் எங்கே, ரேம்ப் எங்கே முடிகிறது, வாய்க்கால் எப்படி மூடப்படுகிறது என்பதை பிளானிலேயே வரைந்து கொடுங்கள். கட்டி முடித்த பிறகு வரைவது வேறு கதை.

உங்கள் தெருமுனையில் ஏற்கெனவே ஆபத்தான வாசலோ டிவைடர் ஓட்டையோ இருந்தால், படம் எடுத்து, நாற்காலி சோதனையின் அளவுகளை எழுதி, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுங்கள். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் அவர்தான். வெறும் குறை சொல்லும் மனுவை விட, 60-ல் வண்டி வருகிறது, 80 மீட்டர் தெரிய வேண்டும், 25 மீட்டர்தான் தெரிகிறது என்று எழுதிய மனுவுக்குப் பதில் வரும். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலை வடிவமைப்புத் தரங்களைப் பின்பற்றாததால் உயிரிழப்போ உடல் ஊனமோ நேர்ந்தால் பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. மனுவில் அதையும் குறிப்பிடலாம்.

படி 10: வீடு ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்றால்

இடிக்க வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். முதலில் செடியை வெட்டுங்கள். பிறகு ரேம்ப் டைல்ஸைப் பெயர்த்து, சொரசொரப்பாகச் சிமெண்டு பூசுங்கள். கேட் தூண் இரண்டிலும், தாரைப் பார்த்த பக்கம், சிவப்பு வெள்ளை ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், இருட்டில் வருகிறவருக்கு இங்கே ஒரு வாசல் இருக்கிறது என்று தெரியும். தாழ்வான ஒரு விளக்கு கேட் தரையின் மேல் விழட்டும்.

குவி கண்ணாடி வைக்கலாம். எதிர்ப்பக்கத் தூணில், காரிலிருந்து பார்த்தால் தெரியும் உயரத்தில். ஆனால் அதில் வண்டி இருப்பதை விடத் தூரத்தில் இருப்பது போலவும், வருவதை விட மெதுவாக வருவது போலவும் தெரியும். ஏதோ வருகிறது என்று அறிய மட்டும் அது. தூரத்தையும் வேகத்தையும் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் கேட்டுக்கு முன்னால் நீங்களாகவே வேகத்தடை போட்டுவிடாதீர்கள். முறையான வேகத்தடை வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், முன்கூட்டியே எச்சரிக்கும் போர்டு, வண்ணக் கோடு எல்லாம் உள்ளது. கையளவு சிமெண்டை மேடாக்கி வைத்தால் இரவில் பைக்கில் வருகிறவர் தூக்கியெறியப்படுவார்.

நெல்லிக்குப்பம் சாலை வீட்டுக்கு நான் திரும்பப் போனேன். கேட்டைப் பக்கவாட்டுச் சந்துக்கு மாற்ற வழி இருந்தது, மாற்றினோம். பழைய கேட் இருந்த இடத்தில் சுவரை இரண்டடியாக்கி கிரில் வைத்தோம். செலவில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். அந்தச் சாலையை அதற்குப் பிறகு ஒரு தடவை புதிதாகப் போட்டார்கள், அரையடி உயர்ந்துவிட்டது, வண்டிகளின் வேகமும் கூடியது. போன மாதம் போய் நாற்காலியைப் போட்டு மறுபடி அளந்தேன். முன்பு 45 மீட்டர் போதுமாக இருந்த இடத்தில் இப்போது 80 தேவைப்படுகிறது. சந்து முனையில் இருக்கும் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தின் தாழ்ந்த கிளைகளை வெட்டிக்கொள்ள அந்த அம்மாவிடம் கேட்டிருக்கிறோம். பொங்கலுக்குள் வெட்டிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.